முறிக்கிற நாள் இல்லாத பத்தியம்

மகனுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நலம் விசாரித்து ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வாணியம்பாடியிலிருந்து நீ சொல்லியனுப்பியதைக் கேட்ட பிறகு அந்த வரி கையில் வரவில்லை. ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சந்தவாசல் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். காரணம் நான்தான். நிலக்கடலை, நம் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, உனக்கு ஆகாது. வாயில் பட்டால் உதடு வீங்கி மூச்சு அடைக்கும். இதைப் பெண் வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டபோது, “பத்தியத்துல கீறான்னு சொல்லிடுங்க நைனா, அது போதும்” என்றாய். நான் அப்படிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அதைக் கேள்விப்பட்டு நீ இனி இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அதே தரகரிடம் சொல்லியனுப்பியிருக்கிறாய். சரி, மிதிக்காதே. ஆனால் அந்த ஒரு சொல்லை நான் ஏன் மறுபடி வாயில் எடுக்கவில்லை என்பதை நீ முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. உப்பையும் கருவாட்டையும் தலையில் சுமந்து ஜவ்வாது மலைக்கு ஏறி, புளியும் சாமையும் கடுக்காயும் வாங்கிச் சுமந்து இறங்கியவன். அப்படிச் சுமந்து சுமந்துதான் ஜமுனாமரத்தூரில் ஒரு கடை, ஆலங்காயத்தில் ஒரு மல்லாட்டை மண்டி என்று ஆனது. வியாபாரத்தில் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சரக்கு எப்படி இருந்தாலும் அதற்கு வைக்கிற பேர் ஜனங்களுக்குப் பழகின பேராக இருக்க வேண்டும். பழகின பேர் வைத்தால் சரக்கு தானாக நகரும். உன் வியாதிக்கும் பேர் வைத்தவன் நான்தான். வைத்த பேர் நன்றாகவே நகர்ந்தது. நகர்ந்து எங்கே போய் நின்றது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நமக்கு அப்போது மண்டிக்குப் பின்கட்டில்தான் குடித்தனம். அறுப்பு முடிந்த மாதங்களில் மல்லாட்டை மூட்டை கூரையைத் தொடும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உரிப்பார்கள். நீ அவர்கள் நடுவில் தவழ்ந்து வளர்ந்தாய். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வரும், அழுவாய், அப்புறம் அடங்கும். பூச்சி கடித்தது என்றோம், கண் பட்டது என்றோம், மிளகாய் சுற்றிப் போட்டோம். ஒரு நாள் உரிக்க வந்த ஒரு அம்மாள், குழந்தை கை நீட்டுகிறதே என்று வேகவைத்த மல்லாட்டையை நசுக்கி உன் வாயில் வைத்துவிட்டாள். அவள் கை எடுப்பதற்குள் உன் உதடு உதடாக இல்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னார். இந்தப் பிள்ளைக்குக் கடலை ஆகாது, கொட்டையும் ஆகாது, செக்கில் ஆட்டின கடலையெண்ணெயும் ஆகாது, பிண்ணாக்குத் தூசுகூட ஆகாது. எவ்வளவு நாளைக்கு என்று உன் அம்மா கேட்டாள். சில பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும், சிலருக்குப் போகவே போகாது, போயிருக்கும் என்று நீங்களாக நினைத்துக் கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வேட்டி மடிப்பிலிருந்து மல்லாட்டைத் தோல் அவர் மேசைக்குக் கீழே உதிர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். என்ன தொழில் என்று கேட்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அம்மாவுக்கு ஒரே கவலை. இதை அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது? அலர்ஜி என்ற வார்த்தை அப்போது ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராத வார்த்தை. “இன்னான்னு சொல்லட்டும், யாருக்குப் புரியும்?” என்றாள். “பத்தியம்னு சொல்லு” என்றேன் நான். பத்தியம் என்றால் நம் பக்கம் யாரும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவள் பத்தியம் இருக்கிறாள், மஞ்சள் காமாலைக்கு வேர் குடித்தவன் பத்தியம் இருக்கிறான். அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் “புள்ள பத்தியம்” என்று உன் அம்மா கையை நீட்டினால் பரிமாறுகிறவன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவான். எனக்கு என் சாமர்த்தியத்தில் ஒரு திருப்தி. ஊரில் ஒருத்தரிடமும் விளக்கம் சொல்லாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வைத்தியம் என்று அவர்கள் கொடுத்தது மாத்திரையும், எது எது கூடாது என்கிற உத்தரவும்தான். மாத்திரை உன்னைத் தூங்க வைத்தது. பள்ளிக்கூடத்தில் நீ பலகையில் சாய்ந்து தூங்கினாய், வாத்தியார் அடித்தார். அடித்ததை நீ வீட்டில் சொல்லவில்லை. மண்டிப் பக்கம் போகும் கதவைச் சாத்தியே வைத்தோம். உனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனியாக நல்லெண்ணெய். உன் தூக்குப்பாத்திரத்தை வேறு யாரும் தொடக்கூடாது, மற்றவர்கள் கொடுப்பதை நீ தொடக்கூடாது. மத்தியானத்தில் பிள்ளைகள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தன் சோற்றை ஒருத்தன் பிடுங்கித் தின்னும்போது உன்னை வாத்தியார் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார வைத்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளைகள் முதலில் உன்னைப் பத்தியக்காரன் என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் வாயில் ஒரு சொல் எவ்வளவு நாள் அப்படியே நிற்கும்? மாதம் திரும்புவதற்குள் பைத்தியக்காரன் ஆகிவிட்டாய். தெருவில் நீ நடந்தால் “டேய், பைத்தியம் போவுதுடா” என்பார்கள். அந்தப் பேருக்கு முதல் எழுத்தைப் போட்டுக் கொடுத்தவன் உன் தகப்பன் என்று அவர்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தூக்குப்பாத்திரத்துச் சோற்றை நீ தொட்டியோரம் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டு வருகிறாய் என்பது வெகுநாள் கழித்துத்தான் உன் அம்மாவுக்குத் தெரிந்தது. ஆடு கொழுத்தது, நீ இளைத்தாய்.

இப்போது உன் அத்தை விஷயம். கண்ணமங்கலத்திலிருந்து என் அக்கா வந்து நம்மோடு தங்கியிருந்த சமயம். உன்மேல் அவளுக்கு உயிர். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் புளி வாங்க மலைக்குப் போயிருந்தேன். உன் அம்மாவுக்குக் காய்ச்சல், படுத்திருந்தாள். பத்தியம் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு என்பது நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மண்டலம் முடிந்தால் பத்தியத்தை முறிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கிழக்கே பார்த்து உட்கார வைத்து, இத்தனை நாள் எதை விலக்கினோமோ அதையே முதலில் ஒரு வாய் ஊட்டுவார்கள். அப்படி முறிக்காமல் விட்டால் நோய் உடம்பிலேயே தங்கிவிடும் என்பார்கள். அக்கா பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறாள், “எப்பத்தான்டா இந்தப் பத்தியத்த முறிக்கப் போற?” என்று. நான் வியாபார அவசரத்தில் “பாக்கலாம்க்கா, பாக்கலாம்” என்றிருக்கிறேன். ஒரு மண்டலம் போய் எத்தனையோ மண்டலம் ஆகிவிட்டது, தம்பிக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, பிள்ளை வாடிக் கிடக்கிறான், நாமே செய்துவிடுவோம் என்று அவள் நினைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை உன்னைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, வெல்லப்பாகில் மல்லாட்டை உருண்டை பிடித்து ஊட்டினாள்.

அப்புறம் நடந்ததை நீ நினைவு வைத்திருக்கிறாயா என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. பக்கத்து அரிசி மில் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆலங்காயத்துக் கம்பவுண்டர் வீட்டிலிருந்தார், ஊசி போட்டார், நீ பிழைத்தாய். அவர் அன்றைக்கு வெளியூர் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அக்கா மண்டி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளே சொன்னாள். உருண்டையைக் கையில் எடுத்ததும் நீ கேட்டாயாம், “முடிஞ்சி போச்சா அத்த? இனிமே எல்லாரோடயும் சாப்புடலாமா?” என்று. ஆமாம்டா கண்ணு, முடிஞ்சி போச்சு என்றாளாம். நீ சிரித்துக்கொண்டே தின்றாயாம். அக்கா சிரித்துக்கொண்டே என்று சொன்ன அந்த இடத்தில்தான் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உன்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தது விரோதி யாரும் இல்லை, விஷம் வைத்தவர்களும் இல்லை. ஆசையாக ஊட்டிய ஒரு கையும், நான் வைத்த ஒரு நல்ல பேரும்தான்.

அதற்குப் பிறகுதான் உன்னையும் அம்மாவையும் மலைக்கு ஏற்றினேன். ஜமுனாமரத்தூர்க் கடையின் பின்னால் இருந்த அறையைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். மலையில் அப்போது மல்லாட்டை போடுகிறவர்கள் கிடையாது. சாமை, கேழ்வரகு, புளி, தேன். சமையலில் எண்ணெய் என்பதே பேருக்குத்தான். எனக்குப் புளி கொடுக்கிற வெள்ளையன் வீட்டில் உன்னை ஒரு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் பெண்சாதி சாமைச் சோற்றில் கொள்ளு ரசத்தை ஊற்றி ஒரே தட்டில் அவள் பிள்ளைகளோடு உனக்கும் வைப்பாள். அங்கே உனக்குப் பத்தியம் என்று பேர் வைக்கத் தேவையே வரவில்லை. ஆகாத சரக்கு அந்த ஊரிலேயே இல்லை. நீ தேறினாய், மரம் ஏறினாய், அவர்கள் மாதிரியே பேசினாய். வைத்தியம் என்று ஒன்று உனக்கு நடந்தது என்றால் அந்த ஒரே தட்டுதான் என்று இப்போது தோன்றுகிறது. எந்த டாக்டரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

ஆனால் எனக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதையும் சொல்கிறேன், நீ கேட்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மண்டியிலிருந்து லாரியில் ஏறி வருவேன். தலைமுடியில், மீசையில், சட்டை மடிப்பில் எல்லாம் மல்லாட்டைத் தூசு. உன் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்துவாள். ஓடைக்குப் போய்க் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் உள்ளே விடுவாள். அது சரிதான், செய்ய வேண்டியதுதான். நீ ஆரம்பத்தில் ஓடி வந்து பாதி வழியில் நிற்பாய். அப்புறம் ஓடி வருவதை விட்டாய். பிறகு என்னைக் கண்டாலே ஓரடி பின்னால் நகர ஆரம்பித்தாய். நான் குளித்துவிட்டு வந்தாலும் நகர்ந்தாய். மலைக்காரப் பிள்ளைகள் தகப்பன் தோள்மேல் ஏறி உட்கார்ந்து சந்தைக்குப் போவதை நான் கடை வாசலில் நின்று பார்ப்பேன். என் பிள்ளைக்கு நான் வியாதி வருகிற திக்கு.

மாதம் தவறாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அதில் குறை வைக்கவில்லை. எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், தடிப்பு வந்ததா, இழுப்பு வந்ததா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நல்லது என்பார்கள். ஒருமுறை புதிதாக வந்த சின்ன வயது டாக்டர் ஒருத்தர் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்டார். அப்போது உன்னை ஆலங்காயத்துப் பள்ளிக்கூடத்துக்கே மறுபடி கொண்டுவந்துவிட்டோம், பெரிய வகுப்பு மலையில் இல்லை என்பதால். தங்குவதற்கு மண்டியை விட்டுத் தள்ளி வேறு தெருவில் வாடகை வீடு. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் முந்திக்கொண்டு, “நல்லாத்தான் கீறான் டாக்டர், எந்தத் தொந்தரவும் இல்ல” என்றேன். அவர் உன்னையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தார். வெளியே அடுத்த ஆள் இருமினான். அவ்வளவுதான். நீ சாகவில்லை என்பதை எல்லாரும் கவனமாகப் பார்த்துக்கொண்டோம். எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்ட ஒரே ஆளையும் நான் வாயடைக்க வைத்தேன்.

நீ மீசை முளைக்கிற வயசில் என்னிடம் ஒன்று கேட்டாய். பஸ் நிறுத்தத்தில் வைத்து, நாலு பேர் கேட்கக் கேட்டாய். “மண்டிய மூட உங்களுக்கு மனசு வரல. அதுக்குப் பதிலா என்னத் தூக்கி மலைல போட்டீங்க. அதான நைனா?” அன்றைக்கு நான் உன்னை முறைத்துவிட்டுப் போனேன். இன்றைக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம். மூடியிருக்கலாம், மூடவில்லை. அந்த மண்டியிலிருந்துதான் உன் ஆஸ்பத்திரிச் செலவு, உன் அம்மாவுக்கு மலையில் குடித்தனம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தது. கம்பவுண்டர் வீட்டில் உனக்கென்று ஊசி மருந்து எப்போதும் தீராமல் இருந்ததே, அதுவும் மண்டிதான். புளியை மட்டும் நம்பியிருந்தால் நாம் மூன்று பேரும் மறுபடி உப்பு மூட்டை சுமக்கத்தான் போயிருக்க வேண்டும். இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய்யாக இருக்கும். நியாயம் என் பக்கம் இருந்தது. நீதான் என் பக்கம் வரவில்லை. இரண்டும் நடந்ததுதான், இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்கிறேன்.

இனிச் சந்தவாசலுக்கு வருகிறேன். நல்ல இடம். கடையும் நிலமும் இருக்கிற குடும்பம், பெண் பத்தாவது முடித்தவள், உனக்கும் பிடித்துவிட்டது. நானும் தரகரும் பேச்சு முடிக்கப் போனோம். கூடத்தில் பாய் விரித்து வெற்றிலைத் தட்டு வைத்து, கொறிக்க வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் கொண்டுவந்தார்கள். அவர்கள் நிலத்துச் சரக்கு. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், நல்ல பருப்பு. பெண்ணின் அம்மா ரொம்ப வெள்ளையான மனசு. சம்மந்தி, சம்மந்தி என்று வாய்க்கு வாய் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு ஆகாதது எதுவும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மறுவீட்டு விருந்துக்கு நான் இப்போதிருந்தே யோசிக்கிறேன் என்றாள். நான் வாய் திறப்பதற்குள் தரகர், நீ சொல்லி வைத்திருந்தபடிதான் போலிருக்கிறது, “ஒண்ணும் இல்லம்மா, சின்னதா ஒரு பத்தியம். மல்லாட்ட சேக்கறதில்ல” என்றுவிட்டார்.

அந்த அம்மாள் சிரித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை. “பத்தியந்தான? அதுக்கின்னா சம்மந்தி, தாலி கட்டுன கையோட நானே முறிச்சி வுட்டுடறேன். மருமவனுக்கு மொத வாயி எங்கூட்டு மல்லாட்ட உருண்ட.”

அவள் அன்போடுதான் சொன்னாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அக்காவும் அதே முகத்தோடுதான் உனக்கு ஊட்டியிருப்பாள். பெண் வீட்டில் பேசக்கூடாத பேச்சு எது என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் வாயை வைத்துப் பிழைத்தவன். சுற்றி வளைத்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். உடம்புக்குச் சேராது என்றால், பழகினால் சேர்ந்துவிடும் என்பாள். டாக்டர் வேண்டாமென்றார் என்றால், டாக்டர் எல்லாவற்றையும்தான் வேண்டாமென்பார் என்பாள். அவள் கை நிற்கிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வார்த்தைதான் இருந்தது. “பத்தியம் இல்லம்மா. அது வாயில போனா என் புள்ள செத்துப் போவான்” என்றேன்.

அந்த அம்மாள் வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “நல்ல காரியம் பேசற எடத்துல இந்த வார்த்தய எடுத்துட்டீங்களே” என்றார். நான் விளக்கமாக எல்லாம் சொன்னேன். எது கூடாது, எது கூடும், எந்த எண்ணெய், தவறிப் பட்டுவிட்டால் உடனே எங்கே ஓட வேண்டும் எல்லாம். கேட்டார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் காது அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டது. செருப்பு மாட்டும்போது சமையலறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் கேட்டாள். சத்தமாக இல்லை, ஆனால் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். “அப்போ அவரு வெளியூர்ல தனியா இருக்காரே, தினமும் இன்னாதாங்க சாப்புடறாரு?” அவள் அம்மா உள்ளே போ என்று கை காட்டினாள். நீ எதைத் தின்னக்கூடாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எதைத் தின்கிறாய், எதை ஆசைப்பட்டுத் தின்கிறாய் என்று எனக்குத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினேன். பஸ் ஏற்றிவிட வந்த அவள் அப்பா, “பாத்துப் போங்க மொதலாளி” என்றார். போகும்போது சம்மந்தியாக இருந்தவன் வரும்போது முதலாளி. அவர்கள் பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, தரகர் வந்து சொன்னது சடங்குக்குத்தான்.

நீ உன் தோல் கம்பெனியில்கூட யாரிடமும் சொல்லவில்லை என்று தரகர் சொன்னார். வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு மத்தியானம் அறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறாயாம். ஆலங்காயத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உன்னை உட்கார வைத்தவர் வாத்தியார். இப்போது உன்னை யார் உட்கார வைக்கிறார்கள்? உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் உனக்கு வேறு வழியில்லை, உன் வாயை நாங்கள்தான் வைத்திருந்தோம். இப்போது உன் வாய் உன்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீயும் என் பழைய சொல்லையே கடன் கேட்கிறாய். அது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியாதா, நான் கண்டுபிடித்த வசதிதானே அது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிற ஒவ்வொருத்தரும் மனசுக்குள் ஒரு முடிவு நாளைக் குறித்துக்கொள்கிறார்கள். உன்மேல் பிரியம் அதிகமாக இருக்கிறவர்கள் அந்த நாளைச் சீக்கிரமாகக் குறிக்கிறார்கள். மாமியார் வீட்டில் உன்னைவிடப் பிரியமாக யாரைக் கவனிப்பார்கள்? தலை தீபாவளிக்கு ஒரு உருண்டை போதும். உன் வியாதிக்கு முடிவு நாள் இல்லை. இருந்தால் அது எந்த நாள் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணை நீ இழந்துவிட்டாய், அதில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. நல்ல பெண். கேட்க வேண்டியதைக் கேட்டவள். அவளை உனக்குக் கட்டிவைக்க எனக்குத் தெரிந்த எல்லாச் சாமர்த்தியத்தையும் காட்டியிருப்பேன், அதற்கு உன் உயிர் விலையாக இல்லாமலிருந்தால். உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அக்கா மட்டும் கண்ணமங்கலத்திலிருந்து சொல்லியனுப்பினாள், சரியாகத்தான் செய்தாய் என்று. அவள் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீ என்னைத் திட்டு. நாலு பேர் முன்னால் திட்டு, கடிதத்தில் எழுதித் திட்டு, வீட்டுக்கு வராமல் திட்டு. திட்டுவதற்கு நீ இருக்கிறாய்.

தரகரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். இன்னொரு வீடு வரும், அங்கேயும் பாய் விரிப்பார்கள். அங்கேயும் நான் போவேன், அதே வார்த்தையைத்தான் எடுப்பேன். அந்த வீடும் வேண்டாம் என்றால் அடுத்த வீட்டிலும் எடுப்பேன். என்னை நிறுத்த உனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. அந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்கப் பிடிக்கவில்லை என்றால், எனக்கு முன்னால் நீ போய் உட்கார்ந்து உன் வாயால் சொல்லிவிடு.

உன் நைனா